பைக்கில் ஊற்றிய கார் மருந்து

பசுமலையில் ஒரு கல்லூரியில் என் மகளுக்கு நேர்காணல். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வழியில் பைக் நின்றுவிடுமோ என்று முந்தின நாளே எஞ்சின் ஆயிலில் கலக்கும் மருந்து ஒரு டப்பா வாங்கி ஊற்றினேன். டப்பாவில் இருந்த ஆங்கிலம், எட்டாவதோடு நின்ற எனக்குப் புரியவில்லை. உரசல் குறையும் என்று கடைக்காரர் சொன்னதே போதும் என்றிருந்தேன்.

காலையில் வில்லாபுரம் தாண்டியதும் வண்டி நகர மறுத்தது. முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடியது.

“நல்லா ஓடுன வண்டிய ஏம்ப்பா நோண்டுனீங்க?” என்றாள் மகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் நிறுத்தி விசாரித்தார். “நானும் அங்கிட்டுத்தேன் போறேன். பிள்ளைய ஏறச் சொல்லுங்கண்ணே” என்றார். முன்பின் தெரியாதவராயிற்றே என்று நான் தயங்குவதற்குள் மகள் ஏறிவிட்டாள்.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிப் போனேன். வண்டியில் வைத்திருந்த காலி டப்பாவைக் காட்டியதும் மெக்கானிக் சிரித்துவிட்டார். “இது காருக்குண்ணே! பைக்ல கிளட்சும் அதே ஆயில்லதான் கெடக்கு. அது வழுக்குனா வண்டி எப்டி நகரும்? ஆயில மாத்துனாச் சரியாயிரும்.”

அவர் ஆயிலை வடித்துக்கொண்டிருந்தபோது மகள் போனில் அழைத்தாள். “அப்பா, நேரத்துக்கு வந்துட்டேன். அந்தக்கா வாசல் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போறாக.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதும் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் வந்த உடனே எதையாவது செய்யாமல், கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகிவிட்டேன்.