கால் கழுவக் கூப்பிட்ட குரல்

மூன்றாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்குப் பாடம் பதினொரு மணிக்கு. சார் கரும்பலகையில் வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் வகுப்பு வாசலில் பால்வாடி ஆயா வந்து நின்றுவிடுவார். நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சாரைப் பார்த்துச் சொல்வார்: "சார், அந்தக் காலனிப் பிள்ளைய அனுப்பி விடுங்க. தங்கச்சி வெளிக்கிருந்துட்டா. கால் கழுவணும்." வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். நான் நோட்டை மூடிவிட்டு எழுந்து போவேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிள்ளைக்குப் பின்பக்கம் கழுவி விடுவதைத்தான் எங்கள் பக்கம் கால் கழுவுவது என்போம். ஆண்டு முழுக்க அநேகமாக எல்லா நாளும் இதே கதைதான். இன்றைக்கும் எனக்கு வகுத்தல் வராது. செல்போனை எடுத்துத்தான் தட்டுகிறேன்.

திருவாடானையிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடமும் பால்வாடியும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தன. பால்வாடிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. அங்கே என் மூன்று வயதுத் தங்கச்சி பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். எட்டு வயதில் எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஒரு கையால் தண்ணீர் ஊற்றி மறு கையால் கழுவ வராது. பாதி அவள் காலில் வழியும், பாதி என் சீருடையில் தெறிக்கும். அதே தொட்டிக்கரையில் இரண்டடி தள்ளி ஆயா வேறொரு பிள்ளையைக் கழுவிக்கொண்டிருப்பார். பள்ளிவாசல் தெருப் பையன் ஒருவனை அவர் கொஞ்சியது அப்படியே காதில் இருக்கிறது. "என் ராசா, அத்தா சவுதியில இருந்து வாரப்ப ஆயாவுக்கு என்ன கொண்டாருவாக?" என்று கேட்டுக்கொண்டே கழுவி, முந்தானையால் ஒற்றி, பவுடர் போட்டு, ஜட்டியை ஒரு சுருக்கம் இல்லாமல் மாட்டிவிடுவார். அந்தக் கைக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு நன்றாகத் தெரியும். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்த வருஷம் எனக்கு அம்மை போட்டுப் பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. கால் கழுவக் கூப்பிட ஆள் இல்லை. கருவேல விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை பார்த்த அம்மா சாயங்காலம் போய்க் கூட்டி வரும்வரை தங்கச்சி அதோடுதான் உட்கார்ந்திருப்பாள். தொடை இரண்டும் வெந்து தோல் உரிந்து போயிற்று. அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். ஆயாவிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் மறுநாள் முதல் பிள்ளைக்குச் சத்துமாவும் முட்டையும் கிடைக்காது என்ற பயம். தங்கச்சிக்கு இது ஒன்றும் நினைவில்லை. பரமக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், நான் இந்தப் பேச்சை எடுத்தால் சிரிக்கிறாள். "விடுக்கா, இன்னுமா அதையே புடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்க" என்கிறாள். அவளால் விட முடிகிறது. கழுவியது நானல்லவா?

நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே பால்வாடிக்கு என்னைப் பணியாளராகப் போட்டார்கள். பிள்ளைகளுக்கும் ஊருக்கும் நான் டீச்சர். உதவியாளர் அதே ஆயாதான், ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருந்தது. ஆர்டரைக் கையில் வாங்கியபோது வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட, இனி அந்த அம்மாள் எனக்குக் கீழே என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. சின்னப் புத்திதான், ஒப்புக்கொள்கிறேன். அவரை இங்கே 'அவர்' என்று எழுதுவதும் மரியாதை பொங்கி வழிந்து இல்லை. பிள்ளைகள் காதுபட யாரையும் மரியாதையில்லாமல் பேசக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள், அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதல் நாளே ஒன்று செய்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அக்கா, அண்ணன் யாரையும் கால் கழுவக் கூப்பிடக் கூடாது என்றேன். ஆயா அதன் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. மற்ற வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. காலையில் வந்ததும் மூக்குச் சிந்தித் துடைப்பது, தலை வாருவது, திங்கள்கிழமை நகம் வெட்டுவது, சாப்பாட்டுக்கு முன் வரிசையாக நிறுத்திக் கைக்குச் சோப்புப் போடுவது, சாப்பிட்டதும் பாயை விரித்துத் தட்டித் தூங்க வைப்பது. காலனியிலிருந்து வந்த நாலைந்து பிள்ளைகள் மட்டும் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கும். அதுகளுக்குத் தண்ணீர் கொஞ்சம் உயரத்திலிருந்து விழும். அதுகளில் ஒன்று வெளிக்குப் போனால் ஆயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "காலனிப் பிள்ள போயிருக்கு" என்பார். கடிகாரமா வந்து கழுவும்? நான்தான் எழுந்து போவேன்.

ஏன் போனேன் என்று கேட்டால் சாக்குகள் நிறைய உண்டு. வந்த புதிதில் சண்டை எதற்கு, ஊரில் நாலு பேர் அவர் பக்கம் நிற்பார்கள், பிள்ளையைக் காக்க வைக்கலாமா, எனக்குக் கழுவுவதில் அருவருப்பு ஒன்றும் இல்லையே. எல்லாம் நியாயமாகத்தான் தெரிந்தது. இப்படியே மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. டீச்சர் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே தவிர, அந்தக் குரல் கேட்டதும் எழுந்து ஓடியது அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான். ஆயா என்னை மறுபடியும் அக்காவாக்கி வைத்திருந்தார். நானும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு அக்காவாக இருந்தேன். இதை நினைத்தால் அவர் மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி என் மேலேயே வருகிறது.

போன வருஷம் காலனியிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று புதிதாகச் சேர்ந்தது. வாயாடி. வந்த இரண்டு மாதத்தில் அவள் அம்மா என்னிடம் வந்து, பிள்ளைக்கு அடிக்கடி வயிறு வலிக்கிறது, மலம் இறுகி ரத்தம் வருகிறது, டாக்டர் அடக்கி வைக்கக் கூடாது என்கிறார் என்றாள். எதற்கு அடக்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க மீட்டிங் போற அன்னைக்கெல்லாம் அடக்கியே வச்சுக்கிறா டீச்சர். வீட்டுக்கு ஓடியாந்துதான் போறா. இப்ப அதுவே பழக்கமாயிருச்சு." சொல்லிவிட்டு, ஆயாவிடம் எதுவும் கேட்டுவிட வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். என் அம்மா தானாகவே கேட்காமல் இருந்தாள், இவள் என்னையும் கேட்க விடாமல் கெஞ்சினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் பதினொன்றரை இருக்கும். ஆயா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை பின்பக்கமிருந்து வந்து கதவருகே நின்றது. ஆயா கடிகாரத்திடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. "நீங்க கழுவி விடுங்க" என்றேன். முட்டை உரிக்கிறேனே என்றார். அவர் மடியிலிருந்த தட்டை எடுத்து என் மேஜையில் வைத்து நான் உரிக்க ஆரம்பித்தேன். தோள்பட்டை வலி என்றார். காலையிலிருந்து மற்றப் பிள்ளைகள் மூன்றைக் கழுவியபோது எங்கே போயிருந்தது அந்த வலி என்று கேட்டேன்.

"இத்தன நாளா செஞ்சவுகதான. இன்னைக்குப் புதுசா என்ன வந்துருச்சாம்?" என்றார்.

"புதுசா ஒண்ணும் வரல. ரத்தம்தான் வந்திருக்கு. பிள்ளைக்கு."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நானும் அசையவில்லை. பிள்ளை நின்றுகொண்டே இருந்தது. ஈ மொய்த்தது. இரண்டு பெரிய மனுஷிகளின் வீம்புக்கு நடுவில் ஒரு குழந்தையை அந்த நிலையில் நிறுத்தி வைத்த பாவம் எனக்கு உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. நான்கு முட்டை உரித்திருப்பேன். ஆயா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, மக்கில் தண்ணீரை மொண்டுகொண்டு போனார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பிள்ளை ஒரு எட்டு பின்னால் வைத்தது. ஆயா பக்கத்தில் போகப் போக அது பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. முட்டியதும் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தது. பயந்துபோய்க்கூட இல்லை, பெரியவர்களுக்கு ஒரு தப்பை எடுத்துச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னது:

"வேணாம் ஆயா. மேல பட்டுரும்."

அந்த வார்த்தையை எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதில்லை. சொல்லிக் கொடுத்தது ஆயா. ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய், அது சரிதான் என்று காட்டிக் கொடுத்தது நான். எழுந்து ஓடிப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளத்தான் மனது கிடந்து அடித்துக்கொண்டது. உட்கார்ந்தே இருந்தேன்.

"படட்டும்" என்றேன். "ஆயா கையாலதான கழுவணும்."

கழுவினார். அதன் பிறகு எட்டு மாதம் காலனிப் பிள்ளைகள் ஐந்தையும் அவரே கழுவினார். நான் மீட்டிங் போகிற நாளில் பிள்ளைகளின் தாய்மாரிடம் சாயங்காலம் விசாரித்துக்கொள்வேன், அது அவருக்கும் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு ராசா, தங்கம் எல்லாம் உண்டு. இந்த ஐந்துக்கும் பேச்சே கிடையாது. கழுவி முடித்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொள்வார். கைக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இருந்தது, வாய்க்குப் போட இல்லை. பிள்ளைக்கு வயிற்று வலி நின்றது, அந்த மட்டில் போதும் என்று இருந்தேன்.

போன மாதம் அவருக்கு விடைபெறும் விழா நடத்தினோம். மைக் வைத்து, சாமியானா போட்டோம். சூப்பர்வைசர் மேடம் சால்வை போர்த்தினார். முப்பது வருஷம் பெற்ற தாய்போலப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் என்று பேசினார். ஊர் கைதட்டியது. நானும் தட்டினேன், என் கை என்ன கை! பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். ஆயா ஒவ்வொன்றையும் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. வரிசையின் கடைசியில் அந்தப் பிள்ளை வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயா அதற்கும் கையை நீட்டினார்.

பிள்ளை ரோஜாவை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியில், கையில் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, ஒரு எட்டு பின்னால் போய் நின்றது. சூப்பர்வைசர் மேடம் மைக்கில், "பாப்பாவுக்கு ரொம்ப வெக்கம்" என்று சொல்லிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. நான் எழுந்து போய் மேடம் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"வெக்கம் இல்ல மேடம். ஆயா மேல பட்டுறக் கூடாதுன்னு பாத்துக்கிறா."

சிரிப்பு நின்றுபோயிற்று. பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆயாவின் கை நீட்டியபடியே இருந்தது. அவர்மேல் இரக்கப்பட வேண்டும் என்று பிறகு சிலர் எனக்குச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை.