சிப்போட்லே மணம்

இன்று மதியம் அலுவலகத்து ஆட்களோடு மெல்பேர்னில் ஒரு மெக்சிக்கன் உணவகத்துக்குப் போனோம். சிப்போட்லே என்னும் புகையூட்டிய மிளகாயைத் தக்காளியோடு அரைத்த சோஸ் மேசைக்கு வந்தது. அந்த மணத்துக்கு எனக்குப் பசி வருவதில்லை, களைப்புத்தான் வரும்.

என் சிறுவயதில் அப்பா அப்படியொரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். அந்த மிளகாயை வறுத்து, ஊறவைத்து, நாள்முழுக்க அரைப்பார். ஞாயிறு மட்டும் லீவு. அன்று அவர் எழும்பும்வரை வீட்டில் யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை.

நான் வகுப்பில் முதலாவதாக வந்த கிழமை, ஊர்க்கண் பட்டிருக்கும் என்று அம்மா ஞாயிறு காலையில் எனக்கு நாவூறு கழித்தார். அதற்குச் சுற்றிப்போடும் காய்ந்த செத்தல் மிளகாய் வீட்டில் முடிந்திருந்தது. அப்பா கொண்டுவந்திருந்த சிப்போட்லேயையே அம்மா என் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டார்.

அறைக்குள்ளிருந்து அப்பா ஓடிவந்தார். ஒரு கை மட்டும் சேட்டுக்குள் நுழைந்திருந்தது.

“வேலைக்கு நேரம் போட்டுதோ? ஏன் எழுப்பேல்லை?”

“கண்ணைத் திறந்து பாருங்கோப்பா, இண்டைக்கு ஞாயிறு. பிள்ளைக்கு நாவூறு கழிச்சனான். போய்ப் படுங்கோ.”

“ஓம்” என்றார். ஆனாலும் சேட்டோடு கதிரையிலேயே இருந்தார். அம்மாவும் நானும் யன்னல்களைத் திறந்து துவாயால் புகையை விசிறினோம். மணம் போன பிறகுதான் அவர் தலை நித்திரையில் சாய்ந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து அலுவலக வேலைக்குப் போனவள் நான். எனக்கும் ஞாயிறுகளில் வேலைக்கு நேரம் போய்விட்டதென்று அப்படித்தான் விழிப்பு வருகிறது. போய்ப் படு என்று சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.