நாற்பது தப்படி

நான் பிடித்த மீன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு சாண் வளரும். ரோட் ஐலண்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இந்த லூசியன் சொல்வதில் பாதி புளுகு என்பார்கள். இது மற்றப் பாதி.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, அவர்கள் எழுதிய குறிப்பை வைத்துக் காடு காடாகத் தேடுவோம். உள்ளே ஒரு நோட்டு இருக்கும். அதில் நாமே செதுக்கிய ரப்பர் முத்திரையைக் குத்தி, தேதியும் எத்தனை பேர் வந்தோம் என்பதும் எழுத வேண்டும். என் மனைவி ஓடெட்டின் முத்திரை ஓர் உள்ளான் குருவி. செதுக்கும்போது கத்தி வழுக்கி ஒரு கால் போய்விட்டது. ஒற்றைக்கால் உள்ளான்!

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, தடியை ஊன்றிக்கொண்டே போய், பறவைகள் சரணாலயத்தில் கடைசி டப்பாவை ஒளித்துவிட்டு வந்தாள். “அது கொரினுக்கு” என்றாள். கொரின் எங்கள் ஒரே மகள். அம்மா போனபின் இரண்டு வருடம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சதுப்பின் மேலிருக்கும் மரப்பாலத்தை மறுநாள் பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நவம்பர். மாலை 3.40. மூடுபனி.

பாலம் முடிந்ததும் நேராக நாற்பது தப்படி. அதுதான் குறிப்பு. நடந்தேன். முள்ளுக்குள் துழாவினேன். ஒன்றுமில்லை.

“அப்பா, உன் ஒட்டகக் காலால அளந்தா பக்கத்து ஸ்டேட் கனெக்டிகட்டுக்கே போயிடுவே. அம்மா நடையில எண்ணணும்.”

“உங்கம்மா நடையா? நத்தை ஹாரன் அடிச்சுட்டு முந்திப் போகும்!”

சிரித்தாள். பிறகு அழுதாள். “இன்னிக்கு விட்டா அவ்ளோதாம்ப்பா.”

4.12.

டக்...

பின்னால், பாலத்துப் பலகையில்.

டக்... டக்... கைத்தடி. கூடவே தடதடவென்று ஏதோ சின்னதாக.

“நீர்நாய்” என்றேன்.

பாலம் காலியாக இருந்தது.

பலகை முடிந்தது. இப்போது சருகு. சரக்... சரக்... எங்களைத் தாண்டிப் போனது. கொரின் வாய்க்குள் எண்ணினாள்.

நாற்பதில் நின்றது.

அங்கே ஒரு சாய்ந்த பைன் மரம். வேருக்கடியில் டப்பா.

நோட்டின் முதல் பக்கம். ஒற்றைக்கால் உள்ளான். நாங்கள் அங்கே நின்ற அதே நாளின் தேதி. ஓடெட்டின் கையெழுத்தில்...

‘நாலு பேர்.’

தொட்டேன். விரலில் ஈர மை.

“எங்கிட்டயே விளையாடுறியா? முத்திரைய நீதானே கொண்டுவந்தே?”

“அத நான் அம்மா கைக்குள்ள வெச்ச பிறகுதாம்ப்பா சவப்பெட்டிய மூடுனாங்க.”

நான். கொரின். ஓடெட்டையும் சேர்த்தால்... மூன்று.

“உங்கம்மாவுக்குக் கணக்கு என்னிக்கு வந்துச்சு?” என்றேன்.

கொரின் சிரிக்கவில்லை. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

5.05. காரில் சொன்னாள்.

“மூணு வருஷத்துக்கு முன்னால எனக்கு ஒண்ணு கலைஞ்சு போச்சுப்பா. அம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

“இருந்திருந்தா... இப்ப ஓடுற வயசு.”