நாலு கிலோ கழிவு

தலைச்சோலைப் பொன்னாயிக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் உடம்பு இளைக்கத் தொடங்கியது. சீமாட்டிகள் ஓடி ஓடித் தேடுகிற பாக்கியம், அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது. கொசுவத்தில் ஐந்தாக இருந்த மடிப்பு எட்டாகிவிட்டது.

"ஏனுங்க்கா, அந்த மருந்த எனக்குந்தான் சொல்லுங்களே!" என்று கூடக் காப்பிப்பழம் பறிக்கும் ராணி முதலில் கேலி செய்தாள். பிறகு கேலியை விட்டுவிட்டு, கையைப் பிடித்து ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் சாரா எடை பார்த்தார். முதல் மாதம் நாற்பத்தாறு. அடுத்த மாதம் நாற்பத்திரண்டு.

"பொன்னாயிம்மா, சாப்பிடறீங்களா இல்லையா?"

"ரெண்டு வேள களி திங்கறனுங்க. மூணாவது வேளைக்கு நொம்ப நாளா பசியே காணோமுங்க டாக்டரம்மா."

"அடுத்த மாசமும் குறைஞ்சா சேலத்துக்கு எழுதிடுவேன். ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

அவள் புருஷன் மாதேஸ்வரனும் மூன்று வருடத்துக்கு முன் ஸ்கேனுக்கு என்றுதான் சேலத்துக்கு இறங்கினார். படம் தெளிவாக வந்தது. அவர்தான் திரும்பி வரவில்லை.

பொன்னாயி ஆழ்ந்து யோசித்தாள். தராசு விஷயத்தில் அவளுக்கு முப்பது வருட ஞானம் உண்டு. எஸ்டேட்டில் பழமூட்டையைத் தராசில் மாட்டியதும், சாக்குக்கு, ஈரத்துக்கு, இலைக்கு என்று கணக்கெழுதும் ரைட்டர் இரண்டு கிலோ கழிப்பார். அதைச் சரிக்கட்டப் பறிக்கிறவர்கள் மூட்டைக்குள் அடியில் இரண்டு கிலோ கல் வைப்பார்கள். இப்படி இரு தரப்பும் பாடுபட்டுத்தான் உலகத்தில் நியாயம் பிழைத்திருக்கிறது. ஆஸ்பத்திரித் தராசு மட்டும் அரிச்சந்திரன் வீட்டுத் தராசா?

"நாலு கிலோ தானா எங்க புள்ள போவும்? கழிச்சிருக்காங்க" என்றாள் ராணியிடம்.

ரைட்டர் டீக்குப் போன நேரத்தில் இருவரும் ஓடைக்கல்லை எஸ்டேட் தராசிலேயே நிறுத்தார்கள். சரியாக நாலு கிலோ. மூன்றாம் மாதம் அதை மடியில் கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு மூடி, பொன்னாயி மெஷினில் ஏறினாள். நாற்பத்தாறு வர வேண்டும், கணக்கில் பிசகில்லை.

"நாப்பத்திநாலு!" டாக்டர் முகம் மலர்ந்தது. "ரெண்டு கிலோ ஏறிருக்கீங்க. சேலம் இப்ப வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

பொன்னாயி மெஷினை விட்டு இறங்கவில்லை. முள் நின்ற இடத்தையே பார்த்தாள். கல் நாலு கிலோ. அது அவள் கையால் நிறுத்தது.

"என்னம்மா? ஏதாவது சொல்லணுமா?"

வாய் திறந்தது. மாதேஸ்வரன் பஸ் ஜன்னலில் கையாட்டியது ஞாபகம் வந்தது. வாய் மூடிக்கொண்டது.

"ஒண்ணுமில்லீங்."

வாசலில் ராணி நின்றிருந்தாள். "வந்துச்சுங்களா நாப்பத்தாறு?"

"நாப்பத்திநாலு. கழிவு கூடிப்போச்சு."

ராணி விரல்விட்டு எண்ணினாள். எண்ணிய விரல் பாதியில் நின்றது. "அக்கா, அப்ப கல்லில்லாம நாப்பதுதானுங்களே? நிசமாவே கொறையுதுங்க்கா. வாங்க, உள்ள போயி சொல்லிப்புடலாம்."

"மூணு மாசம் கழிச்சு வரச்சொல்லிட்டாங்க. பஸ் வந்துரும், நட."

பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒண்டிக்கடை மேட்டில் மூச்சு வாங்கியது. சாலையோரம் கல்லை அவிழ்த்துப் போட்டாள். போட்டதும் இடுப்பில் புடவை நழுவியது. ராணி தாங்கிப் பிடித்துக்கொள்ள, பொன்னாயி ஒன்பதாவது மடிப்பை எடுத்துச் செருகினாள்.