ஸ்பிரிங்கு தைத்த பட்டை

என் வீட்டுக்காரருக்கு ஊரில் ஸ்பிரிங்கு என்று பெயர். சோபா தைக்கிறவர் என்பதால் மட்டும் வந்த பெயர் அல்ல. நடக்கும்போது அவர் குதிகால் தரையில் படாது. உட்காரச் சொன்னால் எழுந்துவிடுவார், எழுந்தால் எங்காவது கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெருமையாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது. இப்போது அவர் பேசாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் கடை ஒற்றை அறைதான். முன்பக்கம் எலும்புக்கூடாக நிற்கும் சோபாக்கள், பின்பக்கம் கூரை முட்டும் ஃபோம். ஃபோம் வெட்டுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, அவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. தைப்பது அவர் பொறுப்பு. வாய் நிறையச் சின்ன ஆணிகளை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிப்பார். அவர் வாய் மூடியிருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். தைத்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து, தையல் முடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் நைலான் நூலின் முனையைச் சுடுவார். முனை உருகி, கடுகு மாதிரி கெட்டிப்படும். பிரியாது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். "நூல் தொங்கினா அது தையல் இல்ல, தாடி" என்பார். அந்த லைட்டரால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் பஸ் டிரைவர். இன்னொருவர் அடுத்த தெருவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அவரை இவர்கள் பன்னு என்று கூப்பிடுவார்கள், எனக்கு அவர் அண்ணன். நாங்கள் கடை போட்ட முதல் நாள் ஒரு தட்டு நிறைய ரொட்டியோடு வந்து, "தங்கச்சி, அடுப்பு மூட்ட நேரம் இருக்காது, இதைச் சாப்பிடுங்க" என்றவர். அன்றிலிருந்து நான் வேறு கடையில் ரொட்டி வாங்கியதில்லை.

விடுமுறை நாளானால் மூன்று பேரும் காடு, ஆறு, பாறை என்று கிளம்பிவிடுவார்கள். தலை நரைத்தும் புத்தி வரவில்லையே என்று நானும் திட்டிப் பார்த்தேன், கடைசியில் ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போக ஆரம்பித்தேன். போனால்தானே யாருக்கு எங்கே அடிபட்டது என்றாவது தெரியும்? ஒருமுறை டிரைவர் தேன்கூட்டைச் செல்போனில் படம் பிடிக்கப் போய், வீங்கிய முகத்தோடு பஸ் ஓட்டினார். பயணிகள் வேறு டிரைவர் என்றே நினைத்துவிட்டார்களாம். இன்னொரு முறை என் வீட்டுக்காரர் மீந்துபோன ஃபோமை ஒட்டித் தெப்பம் செய்தார். ஃபோம் தண்ணீரைக் குடிக்கும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அதில் சோறு தின்கிற மனுஷனுக்கு மட்டும் அன்றைக்கு மறந்துவிட்டது. தெப்பம் நடு ஆற்றில் கனத்துக் கனத்து இறங்க, மூன்று பேரும் நனைந்த கோழிகளாகக் கரையேறினார்கள். ரொட்டிக்கார அண்ணன் சிரித்துச் சிரித்து மணலில் புரண்டார்.

அவர்களுக்கு வேண்டிய பை, கூடாரம், படுக்கை எல்லாமே இவர் தைத்ததுதான். கடையில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

அண்ணனுக்குத் தண்ணீர் பயம் இல்லை, பாம்பு பயம் இல்லை. உயரம் மட்டும் ஆகாது. கடைக்கு மேலேயே வீடு. வீட்டுக்கு ஒரு பால்கனி உண்டு, அதில் அவர் கால் வைத்ததே கிடையாது. பல்பு மாற்றக்கூட டிரைவரைத்தான் கூப்பிடுவார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது விளையாட்டாகக் கேட்டாள். "அப்பா, உன் பேரப்புள்ளைக்குப் பால்கனில நின்னு பஸ்ஸு, சைக்கிள் எல்லாம் காட்ட வேணாமா? அதுக்கும் டிரைவர் மாமாதான் வரணுமா?"

எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த விடுமுறைக்கு முன்பே வந்து, "டேய், ஆத்தோரப் பாறையில கயிறு கட்டி என்னை இறக்கி விடுங்கடா. ஒரு தடவை இறங்கிட்டேன்னா இந்தச் சனியன் பயம் விட்டுரும்" என்றார்.

டிரைவர் யோசித்தார். "உயிர் விஷயம்டா. இடுப்புக்கு மாட்டற பட்டை மட்டும் கடையில நல்லதா வாங்கிடலாம்."

"நான் எதுக்குடா இருக்கேன்?" என்றார் என் வீட்டுக்காரர். "ஒரு குடும்பமே ஏறிக் குதிச்சாலும் தாங்கற சோபா தைக்கிறவன்டா நான்."

பட்டை தைத்தார். இடுப்பையும் தொடைகளையும் சுற்றி வரும் தடித்த நாடா, முன்பக்கம், கயிற்று முனையில் வாய் திறந்து மூடும் கொக்கியை மாட்ட, அதே நாடாவை மடித்துத் தைத்த ஒரு வளையம். கிளம்பும் காலையில்தான் வளையத்தைத் தைத்து முடித்தார். பார்க்க விமான சீட் மாதிரி பளிச்சென்று இருந்தது.

பாறை உச்சியில் ஒரு மரத்தில் கயிற்றைச் சுற்றி, டிரைவர் மெல்ல மெல்ல விட்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். என் வீட்டுக்காரர் பக்கவாட்டுத் தடத்தில் பாதி இறங்கி நின்று குரல் கொடுத்தார். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கையால் வயிற்றின் முன்னாலிருந்த கொக்கியைப் பிடித்தபடி இறங்கினார்.

"கையை எடுடா! கொக்கியைத் தொடாதே! பட்டை பாத்துக்கும்!" என்று இவர் கத்தினார்.

அண்ணன் கையை எடுக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தார். மேலே என்னைப் பார்த்து, "தங்கச்சி! பாத்துட்டேன்! கீழ பாத்துட்டேன்!" என்று கத்தினார். அந்த முகத்தை என்னால் மறக்கவே முடியாது. அடுத்த நொடி கயிறு தொய்ந்தது. கொக்கி மட்டும் காற்றில் ஆடியது.

தடத்தில் நின்ற இவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். மூச்சுத் திணறுகிறது என்று பட்டையைக் கத்தியால் அறுத்து ஆற்றில் வீசினார். நாங்கள் போனபோது அண்ணன் தலை இவர் மடியில் இருந்தது, கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

உயிருக்கு ஒன்றுமில்லை. தொடையில் கம்பி வைத்தார்கள். நினைவு தெளிந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "என் கைதான்டா." பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். "பயத்துல என் கையே கொக்கியைக் கழட்டிருச்சு. ஸ்பிரிங்கு படிச்சுப் படிச்சுச் சொன்னான், நான்தான் கேக்கல."

என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

பேத்தி பிறந்தாள். அண்ணன் தடியூன்றி நடக்கத் தொடங்கினார், கடையையும் திறந்தார். ஆனால் குழந்தையைக் கையில் வாங்கவில்லை. மகள் நீட்டினால் பின்னால் நகர்ந்துவிடுவார். "வேணாம்மா, இந்தக் கையை நம்ப முடியாது. என்னையே கீழ போட்ட கை." முதலில் மகள் சிரித்தாள். பிறகு என்னிடம் வந்து அழுதாள். "அத்தை, சூடான தட்டைக்கூட இப்பல்லாம் எடுக்க மாட்டேங்கறார். தொட்டில் பக்கம் வந்தா கையைப் பின்னால கட்டிக்கறார். எட்ட நின்னு பாக்கறார் அத்தை, யாரோ மாதிரி."

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கடையில் புதிய புகார் வர ஆரம்பித்தது. திட்டு வாங்குவது என் பொறுப்பு என்றேனே, அதனால் முதலில் எனக்குத்தான் தெரிந்தது. சோபா மூலையில் நூல் தொங்குகிறதாம். ஒரு அம்மாள் குஷனைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். பார்த்தேன். நாலு பக்கமும் தாடி.

"லைட்டர் எங்கங்க?" என்றேன்.

"தொலைஞ்சு போச்சு."

"புதுசு வாங்கறதுக்கு என்ன?"

அவர் ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டார். அடிப்பதற்கு அவர் முன்னால் சோபாவே இல்லை. எனக்கு ஏதோ உறைத்தது. கையை அவர் வாய்க்கு முன்னால் நீட்டினேன். "துப்புங்க. துப்பிட்டு, சொல்லுங்க."

ஆணிகளை என் உள்ளங்கையில் துப்பினார். பிறகு சொன்னார்.

"அன்னிக்குக் காலைல வளையத்தைத் தைச்சு, முனையைச் சுட்டேன். தீ கொஞ்சம் உள்ள ஓடிருச்சு. தையல் உருகி, பளபளன்னு இறுகிக்கிச்சு. உருகின நூலுக்குப் பலம் கிடையாது. சோபாவா இருந்தா அது பெரிசில்ல. பிரிச்சுத் தைக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். டிரைவர் வாசல்ல ஹாரன் அடிச்சான். பாக்க நல்லாத்தானே இருக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"கொக்கி?"

"கொக்கி கழலவே இல்ல. வளையத்தோட தையல் அந்த இடத்துல விட்டு, கொக்கி நழுவிருச்சு. கீழ போனதும் பாத்துட்டேன். அதான் அறுத்து ஆத்துல போட்டேன்."

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. யார் காதிலும் விழாமல் கடைக் கதவைச் சாத்த வேண்டும் போலவும் இருந்தது. கதவைத்தான் முதலில் சாத்தினேன். நானும் அவ்வளவுதான்.

"சொன்னா அவன் ஜென்மத்துக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டான்" என்றார்.

"சொல்லலைன்னா அவர் பேத்தியைத் தொடவே மாட்டார். எது பெரிசுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முந்தி என்று தெரியவில்லை.

சாயங்காலமே போனார், கூட நானும் போனேன். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இவர் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அண்ணன் கடைசி வரை கேட்டார். பிறகு தடியை ஊன்றி எழுந்து வந்து இவர் தோளில் கை வைத்தார்.

"என் மனசு ஆறணும்னு பழியை உன் தலைல போட்டுக்கறியா? நல்லவன்டா நீ. ஆனா எனக்குத் தெரியும், கொக்கி மேல என் கை இருந்துச்சு."

இரண்டு பன்னைச் சுற்றி என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

தெருமுனையில் என் வீட்டுக்காரர் நின்றார். "சொல்லிட்டேன். அவன்தான் நம்பல. இனிமே நான் என்ன பண்றது?" குரலில் நிம்மதி எட்டிப் பார்த்தது. நான் பன் பொட்டலத்தை அவர் கையில் திணித்தேன். "இதை உங்களால முழுங்க முடியும்னா முழுங்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவர் சாப்பிடவில்லை. மறுநாள் கடையைத் திறக்காமல் அதே தடித்த நாடாவில் இரண்டு வளையம் தைத்தார். புது லைட்டர் ஒன்றும் வாங்கினார். இருவரும் மறுபடி அண்ணன் கடைக்குப் போனோம்.

ரொட்டிக்கடையின் பின்னால் மாவு மூட்டைகள் வைக்கும் அறை. மேலே ஓர் இரும்பு உத்தரம். என் வீட்டுக்காரர் உத்தரத்தில் கொக்கியை மாட்டி, சுடாத வளையம் ஒன்றை அதில் கோத்து, ஒரு மாவு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். பலமாக ஆட்டினார். மூட்டை ஊஞ்சல் மாதிரி ஆடியது, தையல் விடவில்லை.

"என்னடா விளையாட்டு இது?" என்றார் அண்ணன்.

இவர் இரண்டாவது வளையத்தை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்து, நூல் முனையில் லைட்டரைக் காட்டினார். தீ தையலுக்குள் ஓடியது. அணைத்தார். அந்த இடம் மெருகு போட்ட மாதிரி மின்னியது. "இப்படித்தான் இருந்துச்சு. இதைப் பாத்துட்டுத்தான் உனக்கு மாட்டி விட்டேன்" என்றார்.

மூட்டையை அதற்கு மாற்றினார். அது தாங்கியது. ஆட்டினார், அப்போதும் தாங்கியது. அண்ணன் முகத்தில் பரிதாபச் சிரிப்பு வந்தது. "விடுடா" என்று வாயைத் திறந்தார். தையல் பட்டென்று விட்டது. மூட்டை தரையில் விழுந்து வெடித்தது. அறை முழுக்க மாவு. மேலே கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, வாய் மூடியபடி.

அண்ணன் அந்தக் கொக்கியையே பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் கழட்டல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"இல்லடா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆஸ்பத்திரில என் பக்கத்துலயே நின்னியே. நான் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னேனே. கேட்டுட்டேதானே இருந்தே?"

"ஆமா."

"வெளிய போ."

"பன்னு…"

"போடா வெளிய!"

சத்தம் கேட்டு மகள் குழந்தையோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். அண்ணன் தடியைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கைகளையும் நீட்டினார். "குடும்மா" என்றார். அவள் எங்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குழந்தையைக் கொடுத்தாள். மாவுக் கையால் வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். குழந்தையின் முதுகில் வெள்ளையாக அஞ்சு விரலும் பதிந்தது. என் பக்கம்கூட அவர் திரும்பவில்லை. வீடு திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் தலையிலும் மீசையிலும் மாவோடு, "எப்படிப் புடிச்சான் பாத்தியா? கை நடுங்கவே இல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

டிரைவர் சமாதானம் செய்ய எவ்வளவோ முயன்றார், நடக்கவில்லை. விடுமுறை நாளில் யாரும் எங்கும் போவதில்லை. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் என் வீட்டுக்காரர் எதிர்ச்சுவரை ஒட்டி, குதிகால் தரையில் பதிய நடக்கிறார். சில நாள் மேலே பால்கனியில் அண்ணன் கம்பியோரம் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸையும் சைக்கிளையும் காட்டுகிறார். எங்களைக் கண்டால் குழந்தையை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்.

நாங்கள் இப்போது பஸ் நிலையத்துக் கடையில்தான் ரொட்டி வாங்குகிறோம். வாயில் வைக்க விளங்கவில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் வீட்டைத் தலைகீழாக்கும் மனுஷன், அதைக் குறை சொல்லாமல் மென்று தின்கிறார்.