ஒன்பதாம் எண்ணின் தாயார்

சங்கத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரூல்ஸம்மா என்றால்தான் தெரியும். நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சராக இருந்து, பிறருடைய விவாகரத்துகளைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். பெண்கள் சமத்துவத்துக்கான அந்தச் சங்கம் அவரைச் செயலாளராக்கியபோது அதனிடம் நல்லெண்ணம் ஏராளமாக இருந்தது, விதி ஒன்றுகூட இல்லை. உறுப்பினர்களின் கணவன்மார் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து, சமத்துவத்தை எப்படிக் கொண்டுவருவது என்று மனைவிமாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்ப ரூல்ஸம்மா ஒரு விதி எழுதினார். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று விதிகள் ஆகிவிட்டன.

அவற்றில் அவருக்கு மிகப் பிடித்தது பத்தொன்பதாவது. வீட்டைவிட்டு வந்த பெண்களுக்குச் சங்கம் ஒரு விடுதி நடத்தியது. கீழே கூட்ட அறை, மாடியில் அவர்கள். குழு உறுப்பினர் யாரும் மாடிப்படி ஏறக்கூடாது, பெயர் கேட்கக்கூடாது. குழுவுக்கு அவர்கள் வெறும் எண்கள். ஒரு பெயர் வெளியே கசிந்தால் மறுநாளே புருஷன்காரன் வாசலில் நிற்பான். பதிவேட்டுச் சாவி வார்டனிடம் மட்டும் இருக்கும்.

நல்ல விதிதான். அதை எழுதியவர் தன் ஒரே மகளை இரண்டு தடவை புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர் என்பது விதியின் குற்றமல்ல. முதல் தடவை, ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் தடவை மகள் வலது மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்றாள். அன்று சங்கத்தின் ஆண்டு விழா. மகளை டாக்ஸியில் கூட்டிப்போய் மருமகன் வாசலில் இறக்கிவிட்டு, அதே டாக்ஸியில் மண்டபத்துக்கு வந்து ஆண்டறிக்கை வாசித்தார். கைதட்டல் பலமாக இருந்ததாக அவரே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

பதினேழு நாளைக்கு முன்னால் அந்த மகள் காணாமல் போனாள். மருமகன் தினமும் வந்து, எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கதவை உதைத்துவிட்டுப் போனான். தெரியாது என்று ரூல்ஸம்மா சொன்னதை அவன் நம்பவில்லை. வாழ்க்கையில் அவர் அவனிடம் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். தோழிகள் வீடு, பேருந்து நிலையம், மருத்துவமனை என்று அலைந்தார். இரண்டு தடவை பிணவறைக்குப் போய், வேறு யாருடைய மகளையோ பார்த்துவிட்டு, இது இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தார். சங்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்றார்.

அன்று காலை அவசரக் கூட்டம். தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, மாடியில் பத்துப் பேர்தான் தூங்கலாம், பதினோராவது ஆள் கூடாது, சனிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் விடுதியைப் பூட்ட வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்து உறுப்பினர்கள் பதினாறு பேர் உட்காரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். இந்த அறையையே ஒருத்திக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று தையற்கடை அம்மாள் கேட்டார். தலைவி டாக்டரம்மாவுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை, மேஜையை எங்கே போடுவது என்பதைத் தவிர. கேடயங்கள் வைத்த கண்ணாடி அலமாரியும் இருந்தது. சமத்துவத்துக்காகக் கிடைத்த கேடயங்களைத் தாழ்வாரத்திலா வைப்பது? மேஜை பிழைத்தது. ஒருத்தி போக வேண்டும் என்று ஆயிற்று.

வார்டன் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் பதினொரு எண்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. பத்துப் பேருக்குப் போக்கிடம் இல்லை. ரூல்ஸம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வழக்கம்போல் உரக்கப் படித்தார்.

“ஒன்பது. வயது முப்பத்திரண்டு. வந்து பதினேழு நாள். வலது மணிக்கட்டில் பழைய முறிவு. தட்டச்சு தெரியும். தகப்பனார் இல்லை. தாயார் இதே ஊரில், சொந்த வீட்டில். தாயாரால் இருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்.”

குரல் நடுங்கவில்லை. மகள் உயிரோடு இருக்கிறாள் என்பது அவருக்கு இப்படித்தான் தெரிந்தது, அதுவும் தன் வாயால் படித்து. பெற்றவள் வீட்டுக்கு வராதவள், பெற்றவள் எழுதிய விதிக்குள் வந்து ஒளிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தார். வார்டன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர் விஷயம் வந்தால் உறுப்பினர் எழுந்து சொல்லிவிட்டு வெளியேற வேண்டும் என்பது ஏழாவது விதி. எழுந்தால் பெயர் வெளியே தெரிந்துவிடும், அது பத்தொன்பதாவது விதிக்கு விரோதம். எழுந்திருக்கத் தைரியமில்லாத ஒருவருக்கு இது நல்ல சாக்கு. ரூல்ஸம்மா உட்கார்ந்தே இருந்தார்.

ஒன்பதாம் எண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு அந்தத் தாயைப் பற்றிப் பேச நேரம் கிடைத்தது.

“சொந்த வீட்ட வெச்சுக்கிட்டு பெத்த பொண்ணத் தொரத்தியிருக்கா பாருங்க. நெஞ்சா, கருங்கல்லா?” என்றார் தையற்கடை அம்மாள்.

“படிக்காதவளா இருப்பா, பாவம்” என்றார் பேராசிரியை.

வக்கீலம்மா, கடிதம் கொஞ்சம் காரமாகவே இருக்கட்டும் என்றார். டாக்டரம்மா சொல்லச் சொல்ல ரூல்ஸம்மா எழுதிக்கொண்டார்: அம்மையீர், தாய்க்குரிய கடமையை இருமுறை தவறிய தாங்கள் இம்முறையாவது... ‘இம்முறையாவது’க்குப் பிறகு பேராசிரியை இன்னும் இரண்டு வரி சேர்த்தார். ரூல்ஸம்மா அதில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

தாயார் எழுத்தில் மறுத்துவிட்டால் அங்கே அனுப்ப முடியாது, முப்பத்தோராவது விதி, அப்போது இந்த அறையைத்தான் கொடுக்க வேண்டிவரும் என்று வக்கீலம்மா ஞாபகப்படுத்தினார். டாக்டரம்மா சிரித்தார். “எந்தத் தாயாவது முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாளா?”

தேநீருக்குக் கலைந்தார்கள். ரூல்ஸம்மா உறையோடு மாடிப்படியடிக்கு வந்தார். வார்டன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“அட்ரஸ் எழுதணுமாக்கா? இல்ல, கையிலயே குடுத்துட்டதா வெச்சுக்கவா?”

“வீட்டுக்கு வருவாளான்னு கேளேன்.”

“கேட்டுட்டுத்தான் நிக்கறேன். அங்க அனுப்பறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, நான் கெளம்பிடறேங்கறா.”

“எங்கன்னு கேக்கலயா நீ?”

“கேட்டேன். சிரிக்கறாக்கா.”

பிணவறையில் பார்த்த இரண்டு முகங்களும் ரூல்ஸம்மாவுக்கு ஞாபகம் வந்தன. மேலே யாரோ நடந்தார்கள், நின்றார்கள், மறுபடி நடந்தார்கள். அவர் முதல் படியில் ஒரு காலை வைத்தார். எடுத்துவிட்டார். உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, பின்பக்கத்தில் எழுதினார்: என் மகளை என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. தாயார்.

“எழுத்தப் பாத்தா தெரிஞ்சுடுமேக்கா” என்றார் வார்டன்.

“தெரியட்டும்.”

“அவகிட்ட என்ன சொல்ல?”

“அம்மா முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவோட நிறுத்தினாத்தான் இங்கயே இருப்பா.”

கூட்டம் மறுபடி கூடியதும் வார்டன் கடிதத்தைத் தலைவியிடம் நீட்டினார். பதில் அதற்குள்ளா என்று பேராசிரியை வியந்தார். டாக்டரம்மா அந்த ஒரு வரியைப் படித்தார். எதிரே விரிந்து கிடந்த ரூல்ஸம்மாவின் குறிப்பேட்டைப் பார்த்தார். மறுபடி வரியைப் பார்த்தார். தாளை நான்காக மடித்து, யாரிடமும் கொடுக்காமல், தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“முடியாதாம்” என்றார்.

“மூணாவது தடவையுமா? அவளெல்லாம் ஒரு தாயா?” என்றார் தையற்கடை அம்மாள்.

டாக்டரம்மா கைப்பையை மூடிவிட்டு, மேஜையின் கால்கள் கழலுமா என்று பார்க்கச் சொன்னார்.

ரூல்ஸம்மா பேனாவைத் திறந்து, ஒன்பதாம் எண்ணின் தாயார் மறுத்துவிட்டதால் கூட்ட அறை படுக்கையறையாக மாற்றப்படுகிறது என்று குறிப்பேட்டில் பதிந்தார். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. பிறர் வழக்குகளை எழுதிப் பழகிய கை.