டிசம்பர்க் கூடை

எந்தக் கொய்யா மரத்தைக் கடந்தாலும் சபீனோ நின்று, கட்டைவிரல் நகத்தால் ஒரு கிளையைச் சுரண்டிப் பார்ப்பார். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால், உயிர் இருக்கிறது என்று நடையைக் கட்டுவார். மகள் நோயெமிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

கல்வீயோ ஊரில் கொய்யாவைப் பட்டினி போட்டு வளர்ப்பார்கள். பிப்ரவரியில் மதகை அடைத்தால் ஜூன் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இலை கொட்டி மரம் விறகாக நிற்கும். பிறகு தண்ணீர் பாய்ந்ததும் ஒரே வீச்சில் பூக்கும். பழம் டிசம்பரில், கரும்போடு கொதிக்கவைக்கும் பண்டிகைப் பானத்துக்குச் சரியாக வந்து சேரும். ஹெர்மினியா அம்மாளின் நானூறு மரங்களுக்குச் சபீனோதான் தண்ணீர்க்காரர்.

அந்த ஏப்ரலில் அவர் காய்ச்சலில் படுத்தார். விவசாயக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நோயெமி தோட்டத்துக்குப் போனாள். எழுபது நாள் வறண்டால் வேர் செத்துவிடும் என்று அவள் பாடத்தில் படித்திருந்தாள். எந்த மண்ணுக்கு என்று பாடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மதகைத் திறந்துவிட்டாள்.

மே முடிவதற்குள் மரமெல்லாம் வெள்ளைப் பூ. ஹெர்மினியா வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்யா, காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சா? மதகத் தொறந்தது யாரு?"

"நாந்தாம்மா. நாள் கணக்கு தப்பிருச்சு."

"அக்டோபர்லயே பழுத்துரும். பண்டிகை இல்லாம அத யாரு வாங்குவா? என் பழத்தப் பன்னிக்கா போடறது?"

"அடுத்த வருஷ டிசம்பருக்கு மொதக் கூடை உங்க வாசல்ல இருக்கும்மா."

"நீ இருந்தாத்தானே! மதகுச் சாவியக் குடு."

ஹெர்மினியா போன பிறகுதான் நோயெமி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?" என்றாள்.

"மரம் தெரியாதவள்னு பேராச்சுன்னா உன்ன எவன் தோட்டத்துக்குள்ள விடுவான்?"

அக்டோபரில் சபீனோ வேலியோரம் விழுந்த பழம் ஒன்றை எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, விதையைக் கடிக்காமல் விழுங்கினார். "நல்லாத்தான் இருக்கு. பழம் என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றார். அடுத்த ஆண்டு டிசம்பரைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

நோயெமி பட்டம் வாங்கி ஊர் திரும்பியதும் ஹெர்மினியா தேவாலய வாசலில் நிறுத்தினாள்.

"உங்கப்பன் எனக்கு ஒரு கூடை பாக்கி."

"மதகத் தொறந்தது நான்தாம்மா. கூடைய நான் கொண்டாறேன்."



"அன்னிக்கே சொல்லிருந்தா அவன வேலைய விட்டு அனுப்பிருக்க மாட்டேன். நீ கொண்டாந்தா அது உன் கூடைடி. அவன் கூடை பாக்கிதான்."